அரிவாளும் மோட்டார் வண்டியும்

சுந்தரபாண்டியத்தில் விடியற்காலையில் மொட்டை மாடிக்கு ஏறி மேற்கே பார்த்தால், மலை அடுத்த தெருவில் நிற்பதுபோல் தோன்றும். கீழே ஏதோ ஒரு வீட்டில் கைத்தறி 'சடக், சடக்' என்று ஓட ஆரம்பித்திருக்கும். வெயில் ஏற ஏற மலை கொஞ்சம் கொஞ்சமாகப் பின்வாங்கிப் போய்விடும். சிறு வயது முதல் நான் கண்டுவரும் அதிசயம் இது. அந்த மலைக்கு இவ்வளவு சமீபத்தில் பிறந்துவிட்டு, நாற்பத்து மூன்று வயது வரையில் அதன் அடிவாரத்தில் ஓர் இரவாவது படுத்துறங்கியதில்லை என்பதை நினைத்தபோது எனக்கே வெட்கமாயிருந்தது.

அந்த வெட்கத்தைப் போக்க முன்வந்தவர் என் மைத்துனர். அவர் சென்னைவாசி. பொங்கல் விடுமுறைக்குச் சொந்த மோட்டாரில் குடும்ப சகிதமாக வந்து இறங்கினார். மதுரையிலிருந்து திருமங்கலம், கல்லுப்பட்டி, அழகாபுரி வழியாகக் கிருஷ்ணன்கோயிலை அடைந்து, அங்கே பிரியும் வத்திராயிருப்புச் சாலையில் திரும்பி எங்கள் வாசலுக்கு அவர் வந்து சேர்ந்தபோது, வண்டியின் பின்பக்கம் மூடமுடியாதபடி சாமான்கள் நிறைந்திருந்தன. கூடாரம், மடக்கு நாற்காலிகள், வாயு அடுப்பு, மின்சார விளக்கு, எல்லாம் இருந்தன.

"அத்தான், இரண்டு ராத்திரி மலையடிவாரத்தில் தங்குகிறோம். வண்டி பக்கத்திலேயே நிற்கும். வேண்டியதை எல்லாம் அதிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம். இப்போது எல்லோரும் இப்படித்தான் செய்கிறார்கள்" என்றார்.

இதைப் புதுமை என்று அவர் எண்ணியதுதான் எனக்கு வேடிக்கையாக இருந்தது. என் பாட்டனார் காலத்தில் குலதெய்வம் கும்பிடப் போகிறவர்கள் கூண்டு வண்டி கட்டிக்கொண்டு போய், தோப்பில் மாட்டை அவிழ்த்துவிட்டு, வண்டிக்கு அடியிலேயே ஜமுக்காளம் விரித்துப் படுத்துக்கொள்ளவில்லையா? மூன்று கல்லைக் கூட்டிச் சோறு பொங்கவில்லையா? வண்டியின் கூண்டில் செருகிய அரிவாள் ஒன்றே அவர்களுக்கு எல்லாக் காரியத்துக்கும் போதுமானதாக இருந்தது. மாடு போய் மோட்டார் வந்ததைத் தவிர வேறு மாறுதல் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் மைத்துனர் உறையிலிருந்து ஒரு கத்தியை உருவிவிட்டார்.

நேயர்கள் சினிமாவில் அப்படிப்பட்ட கத்தியைப் பார்த்திருப்பார்கள். அலகு மட்டும் 10 அங்குலத்துக்குக் குறையாது. முதுகில் ரம்பப் பற்கள். கைப்பிடி உள்ளே குழலாக இருந்தது. அதன் மூடியைத் திருகினால் தூண்டில் முள், தீக்குச்சி, நூல், ஊசி எல்லாம் கொட்டின. மூடியின் உச்சியில் ஒரு திசைகாட்டியும் இருந்தது. கிழக்கு எது என்று சுந்தரபாண்டியத்தில் யாருக்கும் கத்தி சொல்ல வேண்டியதில்லை. மலை இருக்கும் திசைக்கு எதிர்த்திசை கிழக்கு.

"இது எதற்கு, மாப்பிள்ளை?" என்று கேட்டேன்.

"எல்லாவற்றுக்கும்தான்!" என்றார்.

நான் பள்ளிக்கூட வாத்தியார். 'எல்லாவற்றுக்கும்' என்ற விடைக்கு நான் மதிப்பெண் போடுவதில்லை. ஒரு காகிதத்தை எடுத்து, இரண்டு நாளில் நாம் எதை எதை வெட்டப் போகிறோம் என்று எழுதச் சொன்னேன். காய்கறி, இளநீர், தேங்காய், கயிறு, அடுப்பெரிக்கச் சுள்ளி, பிள்ளைகளுக்குப் பழம், மருந்துத் துணி. இவ்வளவுதான் வந்தது. புலியைக் குத்துவது அதில் இல்லை.

சட்ட விஷயத்தையும் அப்போதே எடுத்துச் சொன்னேன். 1878-ல் லிட்டன் பிரபு காலத்தில் வந்த ஆயுதச் சட்டத்தைப் பற்றி நம் தேசத் தலைவர்கள் எவ்வளவு மனம் கொதித்தார்கள் என்பது தெரிந்ததே. 1931-ல் கராச்சிக் காங்கிரஸ் நிறைவேற்றிய உரிமைத் தீர்மானத்தில், விதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்துக்கொள்ளும் உரிமையும் ஒன்றாகச் சேர்ந்தது. சுதந்திரத்துக்குப் பின் 1959-ல் நாமே ஒரு சட்டம் செய்துகொண்டோம். வீட்டுக்கும் வயலுக்கும் மட்டுமென்று செய்யப்பட்ட கருவிகளை அந்தச் சட்டம் ஆயுதமாகக் கருதுவதில்லை. ஆனால் அத்தகைய உபயோகத்துக்கென்று செய்யப்படாத கத்தி 9 அங்குலத்துக்கு மேல் நீளமாகவோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமாகவோ இருந்தால், அது விதிகளின்படி வாள், ஈட்டி முதலியவற்றின் இனத்தில் போய்ச் சேர்ந்துவிடுகிறது. மைத்துனர் அளவுகோலைக் கொண்டுவரச் சொன்னார். அளந்து பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் உறையில் போட்டார்.

காட்டுக்குள்ளே சட்டம் இன்னும் கண்டிப்பானது. ஸ்ரீவில்லிபுத்தூர் மலைச்சரிவு 1988-ல் சாம்பல் நிற மலை அணிலுக்காகச் சரணாலயமாக்கப்பட்டது. 2021-ல் அது மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகமாயிற்று. 1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 'ஆயுதம்' என்பதற்குச் சொல்லியிருக்கும் விளக்கத்தில், துப்பாக்கியோடும் கண்ணியோடும் கத்தியும் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருக்கிறது. எழுத்து மூலமான அனுமதியின்றி அதைச் சரணாலயத்துக்குள் கொண்டுபோகக் கூடாது. ஆகவே நாங்கள் தேர்ந்தெடுத்த இடம் காட்டெல்லைக்கு வெகுவாக இப்பால் உள்ள ஒரு பட்டா நிலம். பிளவக்கல் அணைக்குப் போகும் பக்கத்தில் என் ஒன்றுவிட்ட அண்ணனுக்குச் சொந்தமான தென்னந்தோப்பு. ஓடைக்கரையில் கூடாரம் அடிக்கலாம் என்று மைத்துனர் சொன்னதை நான் ஒப்புக்கொள்ளவில்லை. 2015 மே மாதம் சதுரகிரி மலையில் திடீரென்று பெருகிய வெள்ளத்தில் யாத்திரிகர்கள் மாண்டதை இந்தப் பக்கத்தார் இன்னும் மறக்கவில்லை. மேலே மலையில் பெய்யும் மழை கீழே இருப்பவனுக்குத் தெரியாது.

இவ்வளவு பேச்சையும் கேட்டுக்கொண்டிருந்த என் தாயார் உள்ளே போய், பரண்மேல் சாக்குக்குள் கிடந்த ஒரு பொருளை எடுத்துவந்து என் முன்னால் வைத்தார்.

"இந்தா அய்யா, அப்பா அருவா. தோப்புக்குன்னா இதைத்தானே கொண்டுபோகணும்?"

திருப்பாச்சேத்தியில் அடித்த வெட்டரிவாள். என் தகப்பனார் வைத்திருந்த சின்னத் தோட்டத்தில் முப்பது வருஷம் உழைத்தது. நுனி வளைவு தேய்ந்து, அலகு பாதியாகக் குறுகி, பிடி அவர் உள்ளங்கையின் அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தது. கையில் எடுத்தேன். பிறகு கீழே வைத்துவிட்டேன்.

காரணம் இதுதான். எங்கள் தென் ஜில்லாக்களில் அரிவாள் ஒன்று மோட்டாரில் இருக்கிறதென்றால் யாரும் தென்னை ஓலையை நினைப்பதில்லை. அது திருப்பாச்சேத்திக் கொல்லர்களின் குற்றமன்று. சினிமாக்காரர்கள் ஒரு பங்கு, ஜாதி வெறி பெரும்பங்கு. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனை அவனோடு படித்த பையன்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. அதன் பிறகு நீதிபதி சந்துரு அவர்களைக் கொண்டு அரசாங்கம் விசாரித்தது. 2024 ஜூனில் அவர் அறிக்கை கொடுத்தார். அந்த நாட்களில் வகுப்புக்குள் நுழையும் ஒவ்வோர் உபாத்தியாயருடைய கண்ணும் பையன்களின் முகத்துக்கு முன்னால் அவர்களுடைய பைகளின் மேல்தான் விழுந்தது. என் கண்ணும் அப்படித்தான் விழுந்தது.

ஒரு நாள் பதினோராம் வகுப்பில் ஒரு பையனின் பையிலிருந்து கைப்பிடி ஒன்று எட்டிப் பார்த்தது. இழுத்தேன். ஒரு முழத்துக்குக் குறைவான சிறு அரிவாள், கோணித் துணி சுற்றியிருந்தது. அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். "பேசாதே!" என்று நான் அதட்டினேன். மேலே ஒப்படைத்தேன். மறுவாரம் அவனுடைய மாமன் வந்து மாற்றுச் சான்றிதழை வாங்கிக்கொண்டு போனார். சாயங்காலம் பள்ளி விட்டதும் மாமனோடு தென்னந்தோப்புகளில் மட்டை கழிக்கப் போகிறவன் அவன் என்பது பிறகுதான் எனக்குத் தெரியவந்தது. அதற்குள் காரியம் முடிந்துவிட்டது.

எனவே அப்பாவின் அரிவாள் பரணுக்கே திரும்பிற்று. ஆனால் தோப்பில் அரிவாள் இல்லாமல் என்ன செய்வது? மைத்துனரையும் அழைத்துக்கொண்டு வத்திராயிருப்புப் பக்கத்தில் எனக்குத் தெரிந்த ஒரு கொல்லுப் பட்டறைக்குப் போனேன்.

பட்டறையில் முன்போலத் தோல் துருத்தி இல்லை. மின்சார ஊதி 'உர்' என்று காற்றை அடித்துக்கொண்டிருந்தது. மற்றவை யாவும் பழைய கதைதான். உலை, அடைகல், சம்மட்டி, குறடு, தண்ணீர்த் தொட்டி. மூலையில் லாரிகளிலிருந்து கழற்றிய வில்பட்டைகள் அடுக்கியிருந்தன. ஆசாரியார் அறுபதைத் தாண்டியவர்.

"என்ன வேணும், வாத்தியாரய்யா?" என்றார். "ஓர் அரிவாள்" என்றேன்.

"எதுக்கு?"

அவர் யாரானாலும் இந்தக் கேள்வியைக் கேட்பாராம். தேங்காய் வெட்டுவதற்கு ஒரு கனம், கருவேல முள் வெட்டுவதற்கு ஒரு வளைவு, பனையேறுகிறவனுக்குப் பாளை சீவ வேறு ஒரு மெல்லிய அலகு, கதிர் அறுக்கக் கருக்கு வைத்தது வேறு. எதற்கென்று தெரியாமல் இரும்பை உலையில் வைக்க முடியாது. நான் விஷயத்தைச் சொன்னேன். கைப்பிடியோடு சேர்த்து ஒன்றரை அடி போதும், நுனி வளைவு வேண்டாம், மொட்டையாக இருக்கட்டும், முதுகு கனமாக இருந்தால் இளநீரைத் தானே வெட்டிக்கொண்டு போகும் என்றார்.

லாரி வில்பட்டை எதற்கு என்று மைத்துனர் வினவினார். சாதாரணக் கம்பி இரும்பு எவ்வளவு தீட்டினாலும் கூர் நிற்காது. பட்டையில் 'உரம்' இருக்கிறது என்றார் ஆசாரியார். அவர் உரம் என்பதை ரசாயன சாஸ்திரம் கரி என்கிறது. கட்டடக் கம்பியில் நூற்றில் கால் பங்குக்கு மேல் கரி இருப்பது அபூர்வம். வில்பட்டையில் அரைப் பங்கும் அதற்குச் சற்று அதிகமும் உண்டு. அந்தக் கால் பங்கு வித்தியாசத்தில்தான் அரிவாளின் ஜீவன் இருக்கிறது. இந்த ரகசியம் நம்மவர்களுக்குப் புதியதன்று. கொடுமணலில் மூசையில் உருக்குச் செய்த அடையாளங்கள் அகழ்ந்தெடுக்கப்பட்டிருக்கின்றன. மின்சார சாஸ்திரத்தில் பெயர் பெற்ற மைக்கேல் பாரடே, 1819-ல் நம் நாட்டு உருக்கைச் சோதித்து அதன் சூட்சுமம் என்னவென்று கண்டுபிடிக்கப் பாடுபட்டவர்தான்.

துவைச்சலைப் பார்க்க வேண்டும் என்று அரை மணி நேரம் காத்திருந்தோம். பழுக்கக் காய்ந்த அலகைக் குறட்டால் எடுத்து, வெட்டுவாய் மட்டும் நனையும்படி தொட்டியில் அமிழ்த்தினார். உடனே வெளியே எடுத்துக் கல்லால் ஒரு தேய் தேய்த்தார். முதுகில் மிஞ்சியிருந்த சூடு கீழே இறங்க, வெள்ளை இரும்பின் மேல் வைக்கோல் நிறம் பரவிற்று. பின்பு பொன், பின்பு தவிட்டு நிறம், அதன்பின் கத்தரிப்பூ. கத்தரிப்பூ நிறம் விளிம்பைத் தொட்ட க்ஷணத்தில் முழுவதையும் தண்ணீருக்குள் போட்டுவிட்டார். பொன்னில் நிறுத்தினால் கூர் அதிகம், ஆனால் கட்டையில் மோதினால் பல் விழும். நீலம் வரை விட்டால் முறியாது, ஆனால் அடிக்கடி தீட்ட வேண்டும். காய்கறிக் கத்திக்குப் பொன், வெட்டரிவாளுக்குக் கத்தரிப்பூ. உஷ்ணமானி இல்லை, கடிகாரம் இல்லை. நான் பி.எஸ்ஸி. வகுப்பில் புத்தகத்தில் படித்த பாடத்தை அன்றுதான் கண்ணால் பார்த்தேன்.

மைத்துனரின் கத்தியையும் அவரிடம் காட்டினோம். பிடியைத் தட்டிப் பார்த்தார். "பிடிக்குள்ள இரும்பு எம்புட்டுப் போகுது?" என்று கேட்டார். இரண்டு விரற்கடைகூட இராது. பிடி முழுவதும் குழல் அல்லவா? "ஊசி நூலு வைக்க ஒரு டப்பா வாங்கிக்கிடுங்க. கத்தியோட உசிரு பிடிக்குள்ளதான் இருக்கு" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

பிறகு ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து நீட்டினார். 2021 செப்டம்பரில் போலீஸார் தமிழ்நாடெங்கும் பட்டறைக்காரர்களைக் கூட்டி, அரிவாள் வாங்குகிறவர்களின் பெயர், விலாசம், காரணம் எல்லாவற்றையும் குறித்து வைக்கும்படி சொன்னார்கள் அல்லவா? அந்த ஏற்பாடு அங்கே இன்னும் நடந்துகொண்டிருந்தது. நான் பேனாவை எடுத்தபோது, உள்ளே சாணைக் கல்லில் என் அரிவாளைத் தீட்டிக்கொண்டிருந்தவன் எழுந்து வெளியே வந்தான்.

அந்தப் பையன்தான். உயரமாகிவிட்டான், மீசை அரும்பியிருந்தது. கருமை படிந்த கையில் அரிவாளைப் பிடித்துக்கொண்டு என்னெதிரே நின்றான். ஒரு விநாடி நான் நகரவில்லை. அவன் அலகைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, பிடியை என்னிடம் நீட்டினான். சாரணர் பயிற்சியில் நான் எத்தனையோ பையன்களுக்குக் கற்றுக் கொடுத்த முறை அது. அவனுக்குக் கற்றுக் கொடுத்தவன் நான் அல்லன்.

"கூர் பாத்துக்கோங்க, சார்" என்றான்.

அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். அதற்கு மேல் ஒரு வார்த்தையும் வரவில்லை. "பரவாயில்ல, சார்" என்று அவனே சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டான். நோட்டுப் புத்தகத்தில் நான் என்ன எழுதினேன் என்பது இப்போது ஞாபகமில்லை.

பிரயாணத்துக்கு முந்தின இரவு சாமான்களைப் பரிசீலித்தோம். அரிவாளைத் தவிர, நாலு அங்குல அலகுள்ள காய்கறிக் கத்தி ஒன்று, கத்தரிக்கோல் ஒன்று, சுவிட்ஸர்லாந்து தேசத்தில் கார்ல் எல்ஸனர் என்பவர் 1897-ல் பதிவு செய்ததே அந்த ஜாதியில், தகர டப்பாவும் திறக்கக்கூடிய மடக்குக் கத்தி ஒன்று, சாணைக்கல் ஒன்று. கோடாலி வேண்டாம் என்று தள்ளினேன். தென்னந்தோப்பில் காய்ந்த பாளையும் மட்டையும் பன்னாடையும் காலடியில் கிடக்கும்போது மரத்தை வெட்டுவானேன்?

இவ்வளவும் முடிந்தபிறகு என் மனைவி அரிவாள்மணையைக் கொண்டுவந்து வைத்தாள். மைத்துனர் சிரித்தார்.

"சிரிக்காதே, தம்பி. தோப்பில் மேஜை இருக்கிறதா? பலகை இருக்கிறதா? கத்தியை வைத்துக்கொண்டு காயை எதன்மேல் வைத்து நறுக்குவாய்?" என்று கேட்டாள்.

அவருக்கும் எனக்கும் பதில் வரவில்லை. எண்ணிப் பார்த்தால், தரையில் உட்கார்ந்து சமைக்கும் இடத்துக்கு அரிவாள்மணையைப் போன்ற கருவி உலகத்தில் வேறில்லை. அலகு அசைவதில்லை, காய்தான் அசைகிறது. காலால் மணையை அழுத்திக்கொண்டால் இரு கைகளும் காயைப் பிடிக்க ஓய்வாக இருக்கின்றன. தேங்காய் துருவ நுனியில் பல்லும் இருக்கிறது. மடக்கினால் ஒரு புத்தக கனம். அதை முதலிலேயே எழுதாத என் காகிதத்துக்குத்தான் மதிப்பெண் குறைய வேண்டும்.

அலகுகளுக்கெல்லாம் பழைய சைக்கிள் டியூபை வெட்டி உறை போட்டோம். எல்லாவற்றையும் கோணியில் சுற்றி, ஒரு மரப்பெட்டிக்குள் வைத்துப் பூட்டி, வண்டியின் பின்புறத்தில் அடியில் வைத்தோம். மோட்டாரில் பிரேக் போட்டால் முன்னால் பாயும் வஸ்துக்களில் கத்தியும் ஒன்றாக இருக்கக்கூடாது.

தோப்பில் இரண்டு இரவுகள் எப்படிக் கழிந்தன என்பதை விஸ்தரிக்கப் போவதில்லை. மாலையில் மலையிலிருந்து இறங்கும் காற்றும், கிழக்கே தென்னந்தலைகளின் மேல் எழும்பிய நிலவும், தூரத்தில் பன்றியை விரட்டக் காவல்காரர் தகரம் தட்டிய சப்தமும் அனுபவித்துத் தெரிந்துகொள்ள வேண்டியவை. முதல் நாளே மைத்துனர் தம் கத்தியால் ஓர் இளநீரைச் சீவ முனைந்தார். ஆறு வெட்டுக்குப் பிறகு இளநீர் முழுதாக இருந்தது. பிடி ஆட ஆரம்பித்துவிட்டது. என் அண்ணன் புது அரிவாளை வாங்கி மூன்றே வெட்டில் கண் திறந்து கொடுத்தார். அதன் பிறகு அந்தச் சினிமாக் கத்தி கூடார முளைகளை அடிக்கும் சுத்தியலாகப் பயன்பட்டது. அதற்கு அது மிகவும் ஏற்றதே.

பிள்ளைகளுக்கு ஒரு விதி வகுத்தேன். கத்தி எடுப்பவர் உட்கார்ந்த இடத்திலிருந்து கையை நீட்டிச் சுற்றிப் பார்க்க வேண்டும். அந்த வட்டத்துக்குள் யாரும் இருக்கக்கூடாது. இருட்டியபின் வெட்டு வேலையே இல்லை. மைத்துனரின் பத்து வயது மகள் இந்த விதியைத் தன் தகப்பனார் பேரில் மிகக் கண்டிப்பாகப் பிரயோகித்தாள். என் மனைவி வாழைப்பூ நறுக்கினாள். மணையின் அலகு கறுத்துப் போயிற்று. உருக்கு அலகுக்கு அது இயல்பு. கழுவித் துடைத்துத் தேங்காயெண்ணெய் தடவினால் துரு ஏறாது. எவர்சில்வர்க் கத்திக்கு இந்தத் தொல்லை கிடையாது என்றாலும், மழுங்கினால் நம் ஊர்க் கல்லில் அதைத் தீட்டிக் கூராக்குவதற்குள் பொழுது போய்விடும்.

இரண்டாம் நாள் தேங்காய் வெட்டும்போது என் கை தவறி அரிவாள் கல்லில் பட்டது. வெட்டுவாயில் உளுந்து அளவுக்கு ஒரு பல் விழுந்தது. திரும்பும் வழியில் வண்டியைப் பட்டறைக்கு விடச் சொன்னேன். ஆசாரியார் சாப்பிடப் போயிருந்தார். பையன் மட்டும் இருந்தான். இந்தத் தடவை நான் அலகை என் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டு நீட்டினேன்.

வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "கல்லுல பட்டுருச்சா, சார்?" என்றான்.

"ஆமாம் தம்பி, என் கை தவறிவிட்டது" என்றேன். "அன்றைக்கும் அப்படித்தான். உன்னை ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை."

அவன் அரிவாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தான். பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சையைத் தனித்தேர்வராக எழுதலாமா, அதற்கு எங்கே விண்ணப்பிப்பது என்று சற்று நேரம் கழித்துக் கேட்டான். எழுதலாம் என்றேன், பதினோராம் வகுப்பில் நின்ற பாடங்களுக்கு என்ன வழி என்று விசாரித்து வருவதாகச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பட்டறை விடுமுறையாம். சுந்தரபாண்டியத்துக்கு வரச் சொன்னேன். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

"இதை நாளைக்கு வாங்கிக்கோங்க, சார்" என்று சொல்லிவிட்டு நோட்டுப் புத்தகத்தை எடுத்தான். என் பெயரை அவனே எழுதினான். எழுத்து முன்போலவே குண்டு குண்டாக இருந்தது. காரணம் என்ற இடத்தில் 'தேங்காய்' என்று போட்டான்.